ஒன்பதாவது கட்டம்

போன மாதம் தென்காசியில் மூக்குக் கண்ணாடி மாற்றப் போயிருந்தேன். கண்ணைச் சோதித்து, பிரேம் தேர்ந்தெடுத்து, பணம் கட்டப் போனபோது கவுண்டரில் இருந்த பெண் கேட்டாள்.

"சார், மெயில் ஐடி சொல்லுங்க."

"எதுக்கும்மா?"

"பில் அனுப்பத்தான் சார். வேற ஒண்ணுக்கும் இல்ல."

தர மாட்டேன் என்றேன். ஸ்டார் போட்ட கட்டம் சார், அது இல்லாமல் அடுத்த பக்கம் போகாது என்றாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அதே வாக்கியத்தை, அதே ராகத்தில், நானும் பல வருஷம் சொல்லியிருக்கிறேன். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனதால் கடைசியில் அவளே ஏதோ ஒரு ஐடியைத் தட்டிவிட்டு பில்லை நீட்டினாள். என் கண்ணாடியின் பவர் எந்தப் புண்ணியவானுக்குப் போய்ச் சேர்ந்ததோ தெரியாது.

குற்றாலத்தில் ஒரு விடுதியின் வரவேற்பு மேஜையில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவன் நான். விடுதியின் பெயர் வேண்டாம். இதில் வருகிற யாருடைய பெயரையும் எழுதப்போவதில்லை. அடுத்தவர் விவரத்தை எழுதி ஒருமுறை பட்டது போதும். அதைத்தான் சொல்ல வந்தேன்.

வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. படிப்பு பத்தாம் வகுப்பு. கையெழுத்து நன்றாக இருக்கும், அவ்வளவுதான் தகுதி. முதல் இரண்டு வருஷம் சாவி எடுத்துக் கொடுப்பதும் பக்கெட் சுமப்பதும் சாரல் சீசனில் ஈரத்துண்டு பிழிவதுமாகப் போயிற்று. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மூன்றாம் வருஷம் மேஜைக்கு வந்தேன். அங்கே மேனேஜர் அண்ணாச்சி இருந்தார்.

வெள்ளை வேட்டி, அரைக்கைச் சட்டை, காதில் ஒரு பென்சில். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மூடுவார். அந்த டக் டக் சத்தம் கேட்டாலே நாங்கள் ஆளுக்கொரு வேலையைத் தேடிக்கொண்டு ஓடுவோம். விருந்தாளி உள்ளே நுழைந்தால், அவர் லாரிக்காரராக இருந்தாலும் சரி, ஜட்ஜாக இருந்தாலும் சரி, எழுந்து நிற்பார். பதிவேட்டை அவர் பக்கமாகத் திருப்பி வைப்பார். பேனாவை மூடி கழற்றிக் கையில் கொடுப்பார். எழுதி முடிக்கிற வரைக்கும் வாசலில் நிற்கும் குரங்குகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்தப் பதிவேட்டில் ஒரு வரிக்கு ஒன்பது கட்டங்கள். பெயர், விலாசம், உடன் வந்தவர், உறவு, வந்த காரியம், வந்த நேரம், புறப்படும் நாள், கையெழுத்து என்று எட்டுக் கட்டங்களை விருந்தாளி தன் கையால் எழுத வேண்டும். ஒன்பதாவது கட்டத்துக்குத் தலைப்பு 'குறிப்பு'. அது நாங்கள் எழுதுவது. மாடி ஏற முடியாதவர், கீழ் அறை. குழந்தைக்கு வெந்நீர். குடித்திருக்கிறார், அருவிக்குத் தனியே விடக்கூடாது. இப்படி.

இன்னொன்றும் அதில் எழுதுவோம். ஆணும் பெண்ணுமாக வந்து, இரண்டு பேர் விலாசமும் வேறு வேறாக இருந்தால், கல்யாணப் பத்திரிகையோ போட்டோவோ கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு, 'பார்த்தது' என்று குறித்துவைக்க வேண்டும். சீசனில் போலீஸ் சோதனை வரும். குறிப்பு இருந்தால் அந்த அறையை விட்டுவிடுவார்கள். இல்லாவிட்டால் கதவைத் தட்டுவார்கள். தங்க வந்தவர்களுக்கு அந்த அவமானம் வேண்டாம் என்பதற்குத்தான் நாங்கள் முந்திக்கொண்டு கேட்பது.

முதல் நாள் நான் பேனாவால் குறிப்பு எழுதப் போனேன். டக் டக் என்று சத்தம் கேட்டது.

"ஏலே, பென்சில்ல எழுது. ஒன்பதாவது கட்டம் மட்டும் பென்சில்."

"ஏன் அண்ணாச்சி?"

"ரூம் காலியானதும் அழிக்கணும்லா. அவிய இங்கன இருக்க வரைக்குந்தான் அவியளப் பத்தி நமக்குத் தெரியணும். பஸ் ஏறிட்டா நமக்கென்ன சோலி?"

அப்படியே செய்தோம். சாவியைத் திரும்ப வாங்குவது, அறையைப் பார்த்து வருவது, ரப்பரை எடுத்து ஒன்பதாவது கட்டத்தை அழிப்பது. மூன்றும் முடிந்தால்தான் அறை காலியானதாகக் கணக்கு. பழைய பதிவேடுகளில் எட்டுக் கட்டமும் நிரம்பி, ஒன்பதாவது மட்டும் லேசாக அழுக்கேறி வெறுமையாக இருக்கும்.

ஒரு சீசனில் ஒருவர் காரில் வந்து இறங்கினார். தன் கூட்டாளி இங்கே தங்கியிருக்கிறாரா என்று மட்டும் சொன்னால் போதும் என்றார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். அண்ணாச்சி எழுந்து நின்று, "இருந்தாலும் சொல்ல மாட்டேன் சார், இல்லேன்னாலும் சொல்ல மாட்டேன்" என்றார். அந்த மனிதர் கத்தினார், முதலாளிக்குப் போன் போட்டார். முதலாளி போனில் சொன்ன பிறகும் இவர் சொல்லவில்லை. முதலாளியும் அதற்கு மேல் கேட்கவில்லை. அந்தக் காலத்து முதலாளி அப்படி.

அண்ணாச்சி ஓய்வு பெற்ற பிறகு நான் மேனேஜர் ஆனேன்; 'அண்ணாச்சி' என்ற பெயரும் எனக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு கணினி வந்தது. பிறகு பெரிய முதலாளிக்கு முடியாமல் போய், அவர் மகன் பொறுப்புக்கு வந்தார். கோயம்புத்தூரில் படித்தவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். எங்களுக்கெல்லாம் வைத்தியச் செலவுக்கு இன்ஷூரன்ஸ் போட்டுக் கொடுத்தது அவர்தான். பதிவேட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, எல்லாவற்றையும் கணினியில் ஏற்றச் சொன்னார். மெயில் ஐடி என்று ஒரு கட்டம் புதிதாக வந்தது. அதற்கு ஸ்டார்.

எதற்கு என்று விருந்தாளிகள் கேட்டார்கள். நான் சின்ன முதலாளியிடம் கேட்டேன். "பில் அனுப்ப அண்ணாச்சி" என்றார். நான் அதை நம்பினேன். நம்பியதால் அழுத்தமாகவே சொன்னேன்.

குறிப்புக் கட்டமும் கணினிக்கு வந்தது. நானும் பழக்கத்தில் அதில் எழுதிக்கொண்டே இருந்தேன். அழிக்கிற பழக்கம் மட்டும் வரவில்லை. யாரும் தடுக்கவில்லை. ஆள் புறப்பட்டதும் 'செக் அவுட்' என்று ஒரு பொத்தானை அமுக்கினால் அந்த வரி திரையிலிருந்து மறைந்துவிடும். கண்ணுக்குத் தெரியாமல் போனால் அழிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். முட்டாள்தனம், வேறென்ன சொல்ல.

ஒரு மார்ச் மாதத்தில் ஒரு டீச்சர் வந்தார். அருவியில் தண்ணீர் பெயருக்கு விழுந்துகொண்டிருந்தது. விடுதியில் மூன்று அறையில்தான் ஆள். வீரகேரளம்புதூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியை. ஐம்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். கூட வந்தவர் ஓய்வு பெற்ற சர்வேயர். இரண்டு பேர் அடையாள அட்டையிலும் விலாசம் வேறு வேறு. நான் தயங்கித் தயங்கி, "டீச்சர், தப்பா நினைக்காதீய, ஒரு வழக்கத்துக்குக் கேக்கேன்" என்று ஆரம்பித்தேன்.

டீச்சர் கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து, அதற்குள்ளிருந்த காகிதத்தை எடுத்து, மேஜை மேல் எனக்கு வாசிக்கத் தோதாகத் திருப்பி வைத்தார். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த திருமணச் சான்று. பதிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. சர்வேயர் சார் கூரையில் இருந்த மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ரொம்ப சந்தோஷம் டீச்சர்" என்றேன். உள்ளபடியே சந்தோஷமாக இருந்தது.

குறிப்பில் தட்டினேன்: 'புதுமணம். பதிவுச் சான்று பார்த்தது.'

பிறகு மெயில் ஐடி கேட்டேன். சர்வேயர் சாருக்கு அப்படி ஒன்று கிடையாது. டீச்சரிடம் இருந்தது.

"இந்த ஐடி பள்ளிக்கூட வேலைக்காக எம் மகன் உண்டாக்கிக் குடுத்தது அண்ணாச்சி. அவன் போன்லயும் திறந்திருக்கும். அவன் ஹைதராபாத்துல இருக்கான். இதுல ஒண்ணும் வராதுல்லா?"

"பில்லுக்குத்தான் டீச்சர். வேற ஒண்ணும் வராது."

"பில்லும் வேண்டாமே."

"பில்ல கையில தந்துருதேன். நீங்க கவலப்படாதீய."

சற்றுக் குரலைத் தணித்துச் சொன்னார். "அவனுக்கு இன்னும் சொல்லல. மருமக உண்டாகியிருக்கா, ஜூன்ல பிரசவம். நான் போயி இருந்து, பிள்ளையப் பாத்துட்டு, நேர்ல சொல்லணும்னு இருக்கேன். அவன் அப்பா போயி பதினோரு வருஷம் ஆச்சு. போன்ல சொல்லுத விஷயம் இல்ல பாத்தீங்களா."

"நல்ல யோசனை டீச்சர்" என்றேன். ஐடியை ஏற்றினேன். நான்கைந்து வரி ஆங்கிலம் பொடி எழுத்தில் அச்சடித்த அட்டையில் கையெழுத்து வாங்கினேன். அந்தக் கண்ணாடிக் கடைப் பெண் செய்ததுபோல ஏதாவது ஒரு பொய் ஐடியைத் தட்டிவிட்டிருக்கலாம். பதிவேட்டில் பொய் எழுதக்கூடாது என்று வளர்ந்த புத்தி, அது அப்போது தோன்றவில்லை. இரண்டு நாள் தங்கினார்கள். பில்லைக் கையில்தான் கொடுத்தேன்.

மே மாதம் ஒருநாள் மத்தியானம் போன் வந்தது. இளைய குரல்.

"உங்க லாட்ஜுல இந்தப் பேர்ல ஒரு அம்மா வந்து தங்குனாங்களா?" என்று டீச்சர் பெயரைச் சொன்னார்.

"தங்குதவங்க விவரம் போன்ல சொல்லுததில்ல சார்."

"ஓ. மெயில்ல சொல்லுவீங்க, போன்ல சொல்ல மாட்டீங்களோ?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. எந்த மெயில் என்று கேட்டேன். அவர் விடுதியின் ஐடிக்கு அதை அனுப்பிவைத்துவிட்டு, பாருங்கள் என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தார்.

திறந்து பார்த்தேன். ஏதோ ஒரு விடுமுறை கிளப். நான் பெயரே கேள்விப்படாத கம்பெனி. மேலே இரண்டு இதயம், ஒரு படகு. கீழே டீச்சர் பெயரும் சர்வேயர் சார் பெயரும் ஜோடியாக. 'புதுமணத் தம்பதியருக்கு வாழ்த்துகள்! குற்றாலத்தில் தொடங்கிய உங்கள் தேன்நிலவை மூணாறில் தொடருங்கள்! நீங்கள் விரும்பிய சலுகை இதோ!' எங்கள் விடுதியின் பெயரை அடியில் பங்குதாரர் என்று போட்டிருந்தார்கள்.

'புதுமணம்' என்ற வார்த்தையை நான் தட்டியது எனக்கு நினைவிருந்தது.

சின்ன முதலாளி அறைக்குப் போனேன். அவர் கணினியிலேயே கம்பெனிக்கு அனுப்பிய பட்டியலைக் காட்டினார். ஒளிக்கவில்லை. ஒளிக்க என்ன இருக்கிறது என்பதுபோலத்தான் காட்டினார். அந்தக் கம்பெனி சீசன் இல்லாத மாதங்களில் ஆள் அனுப்பும், பதிலுக்கு நாம் நம் விருந்தாளிகள் பட்டியலைக் கொடுக்க வேண்டும், அதுதான் பேச்சு. பட்டியலில் எல்லாக் கட்டமும் இருந்தது. கடைசியாகக் குறிப்புக் கட்டமும் இருந்தது. நான் வரி வரியாகப் பார்த்தேன். 'பெரியவருக்கு மனநிலை சரியில்லை.' 'தோல் வியாதி, தனி பக்கெட்.' 'கணவர் இல்லை, தம்பியுடன்.' அத்தனையும் என் கையால் தட்டியது. அத்தனையும் போயிருந்தது.

"எல்லாரும் செய்யுததுதான அண்ணாச்சி" என்றார். "அந்த அட்டையில போட்டிருக்கு. பார்ட்னர்ஸ்கூட பகிர்ந்துக்குவோம்னு. அவிய கையெழுத்துப் போட்டிருக்காவல்லா."

"கையெழுத்த வாங்குனவன் நான். பில்லுக்குன்னு சொல்லி வாங்குனேன்."

"அது நீங்க சொன்னது அண்ணாச்சி. கம்பெனி அப்படிச் சொல்லல."

அந்தப் பதிலை நான் வீட்டுக்குப் போய் என் மனைவியிடம் சொன்னேன். "அப்ப இத்தன வருஷம் நீங்க யாரு வாயால பேசுனீய?" என்று கேட்டாள்.

மூன்றாம் நாள் டீச்சர் வந்தார். தனியாக, பஸ்ஸில். நான் எழுந்து நின்றேன். திட்டினால் வாங்கிக்கொள்வதற்குத் தயாராகத்தான் இருந்தேன். அவர் திட்டவில்லை. நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"மருமகளோட அம்மா அப்பால்லாம் வந்திருந்த நேரம். ஸ்கேன் ரிப்போர்ட்டப் போன்ல காட்டப் போயிருக்கான். இது வந்து நின்னுருக்கு. எல்லாரும் பாத்துட்டாங்க."

டீச்சர் கைப்பையை மேஜை மேல் வைத்தார்.

"கல்யாணம் பண்ணிக்கிட்டேன்னு அவனுக்கு வருத்தம் இருக்கலாம் அண்ணாச்சி. அத நான் பேசிச் சரி பண்ணிருவேன். ஆனா அவன் என்ன கேக்கான் தெரியுமா? 'எங்கிட்ட மறச்சுட்டு, ஊர் பேர் தெரியாத கம்பெனியில போயி தேன்நிலவுக்கு எழுதிக் குடுத்திருக்கியேம்மா'ங்கான். நீங்கள் விரும்பிய சலுகைன்னு போட்டிருக்குல்லா. நான் கேட்டு வாங்குனேன்னு நினைக்கான். இல்லடான்னு சொல்லுதேன், நம்ப மாட்டேங்கான். பிரசவத்துக்கு நீ வரவேண்டாம்னுட்டான்."

அதைச் சொல்லும்போதுதான் குரல் உடைந்தது. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பேசுகிற குரலுக்கு வந்துவிட்டார்.

"எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். நான் குடுக்கல, நீங்கதான் குடுத்தீங்கன்னு ஒரு லெட்டர் வேணும். லாட்ஜு பேர் போட்ட தாள்ல, சீல் வச்சு."

சின்ன முதலாளியிடம் போய்க் கேட்டேன். அவர் வந்து டீச்சரிடம் வருத்தம் தெரிவித்தார். காபி வரவழைத்தார். அந்தக் கம்பெனிக்குச் சொல்லி ஐடியை நீக்கிவிடுவதாகச் சொன்னார். லெட்டர் மட்டும் முடியாது என்றார். வக்கீல் எழுத்தில் எதுவும் கொடுக்க வேண்டாம் என்கிறாராம். காபி ஆறிக்கொண்டிருந்தது, டீச்சர் தொடவில்லை.

சின்ன முதலாளி உள்ளே போனதும் நான் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தேன். லாட்ஜ் பெயர் போட்ட தாள் இல்லை, சாதாரணத் தாள். ஏழு வரி எழுதினேன். இன்றைக்கும் மனப்பாடம். 'உங்கள் தாயார் எந்தச் சலுகைக்கும் விண்ணப்பிக்கவில்லை. அவருடைய மெயில் ஐடியை பில்லுக்கு மட்டும் என்று சொல்லி வாங்கியவன் நான். எதுவும் அனுப்ப வேண்டாம் என்று அவர் என்னிடம் கேட்டுக்கொண்டார். சரி என்று சொன்னேன். புதுமணம் என்று குறிப்பு எழுதியவனும் நான். அவரைக் கேட்காமல் அந்த விவரத்தை எங்கள் விடுதி வேறு கம்பெனிக்குக் கொடுத்தது. உங்களிடம் நேரில் சொல்வதற்காகவே அவர் காத்திருந்தார் என்பது எனக்குத் தெரியும்.' கீழே என் பெயர், வேலை, எத்தனை வருஷமாக இருக்கிறேன் என்பது, என் போன் நம்பர். சீல் வைக்கவில்லை. அது முதலாளியின் சொத்து. கையெழுத்து என்னுடையது.

டீச்சர் அதை இரண்டு தடவை வாசித்தார். ஒரு பிழையும் திருத்தவில்லை. பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

லெட்டர் விஷயம் சின்ன முதலாளிக்குத் தெரியாமல் இருக்காது என்று அன்றைக்குச் சாயங்காலமே நானே போய்ச் சொல்லிவிட்டேன். அவர் கோபப்பட்டார். ஆனால் வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை. சீசன் தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பு, "அண்ணாச்சி, இனி நீங்க ஸ்டோர் பாத்துக்கிடுங்க, கவுண்டருக்குச் சின்னப் பிள்ளைகளப் போடுதேன்" என்றார். அடுத்த ஒன்றே முக்கால் வருஷம் துண்டும் தலையணை உறையும் எண்ணினேன். அப்படியே ஓய்வு பெற்றேன். மாலை போட்டு, மேடை போட்டு, அவரே நல்ல வார்த்தை நாலு பேசினார். எனக்கு அவர் மேல் பகை இல்லை. இப்போது இதற்கெல்லாம் புதுச் சட்டம் வந்திருக்கிறதாம், தனித்தனியாகச் சம்மதம் வாங்கவேண்டுமாம். கண்ணாடிக் கடைக்கு அது இன்னும் வந்து சேரவில்லை போலிருக்கிறது.

டீச்சர் போன் பண்ணியது அந்த வருஷம் ஜூன் கடைசியில். ஸ்டோரில் ஈரத்துண்டு வாடைக்கு நடுவில் நின்று பேசினேன்.

"அண்ணாச்சி, ஹைதராபாத்துல இருந்து பேசுதேன். பேத்தி பொறந்திருக்கா."

"அப்பாடா! ரொம்ப சந்தோஷம் டீச்சர். மகன் பேசுதாரா?"

"பேசுதான். லெட்டர வாசிச்சான். மறுநாளே டிக்கெட் போட்டு அனுப்பிட்டான். பேர் வைக்கும்போது அவரையும் வரச் சொல்லியிருக்கான்."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அப்ப எல்லாம் சரியாயிட்டு டீச்சர்" என்றேன்.

"ஆயிட்டு" என்றார். பிறகு கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"அண்ணாச்சி, இவன்கிட்ட எப்பிடிச் சொல்லணும்னு நாலு மாசமா யோசிச்சு யோசிச்சு வச்சிருந்தேன். பிள்ளைய மடியில வாங்கிக்கிட்டு, 'ஏலே, அம்மா ஒண்ணு சொல்லணும், பக்கத்துல வந்து உக்காரு'ன்னு ஆரம்பிக்கணும்னு. தனியா இருக்கும்போது சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டேன். நேத்து பிள்ளைய எம் மடியில குடுத்துட்டு, அவனே பக்கத்துல வந்து உக்காந்தான். எனக்குச் சொல்லுததுக்கு ஒண்ணும் இல்ல."

மன்னித்துவிடுங்கள் டீச்சர் என்றேன். குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. அவர் போனை வைத்துவிட்டார்.